யார் கொடுத்த விலை

எங்கள் வீட்டுக் கூடத்தில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், சட்டம் போட்ட ஒரு அட்டை தொங்கியது. காந்தியின் ஆசிரமத்தில் கடைப்பிடித்த பதினொரு விரதங்களையும் அப்பா தன் கையால் எழுதி மாட்டியிருந்தார். வாய்மை, அகிம்சை, பிரம்மச்சரியம், சுவையடக்கம், களவாமை, உடைமை சேர்க்காமை, அஞ்சாமை, உடலுழைப்பு, தீண்டாமை ஒழிப்பு, எல்லா மதங்களையும் ஒன்றுபோல் மதித்தல், சுதேசி. நானும் தம்பியும் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது அந்த அட்டையில்தான். அகிம்சை என்பதற்குப் பொருள் தெரிவதற்கு முன்பே அதை எப்படி எழுதுவது என்று எங்களுக்குத் தெரியும்.

அப்பா திண்டுக்கல்லில் சர்வோதய சங்கத்துக் கதர்க்கடையில் வேலை பார்த்தார். வீடு சின்னாளபட்டியில். பக்கத்திலேயே காந்திகிராமம். 1947-ல் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய அந்த நிறுவனத்தின் காற்று சுற்றுவட்டாரம் முழுக்க அடித்த காலம். நான் சிறுமியாக இருந்த எழுபதுகளின் தொடக்கத்தில், எங்கள் தெருவில் ராட்டை ஓடும் வீடுகள் இன்னும் இருந்தன. ஆயிரம் மீட்டர் நூல் ஒரு சிட்டம். நூற்ற சிட்டங்களைச் சர்வோதய சங்கத்தில் கொடுத்தால் கூலி கிடைக்கும், வேண்டுமானால் துணியாகவும் வாங்கிக்கொள்ளலாம். அப்பா நாள் தவறாமல் விடியற்காலையில் உட்கார்ந்து நூற்பார். அது அவருக்குப் பிழைப்புக்கான வேலை இல்லை. அட்டையில் எட்டாவதாக எழுதியிருந்த உடலுழைப்புக்கு அவர் செலுத்திய தினக்கூலி.

அந்த அட்டைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அப்பா அதை எத்தனை முறை சொன்னாலும் முதல் முறை சொல்வதுபோலவே சொல்வார். 1930-ல் உப்புச் சத்தியாகிரகத்துக்காகக் காந்தியை எரவாடா சிறையில் அடைத்திருந்தார்கள். அங்கிருந்து அவர் வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை காலையில் ஆசிரமத்தாருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒவ்வொரு விரதமாக எடுத்துக்கொண்டு, அதை ஏன் மேற்கொண்டோம், எங்கே வழுக்கும் என்று விளக்கும் கடிதங்கள். சுதேசியின் முறை வந்தபோது மட்டும் அவர் எழுதவில்லை. சுதேசியைப் பற்றி எழுதினால் அரசியலைத் தொடாமல் எழுத முடியாது; சிறையில் இருக்கும்போது அரசியல் எழுதுவதில்லை என்று தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். அதனால் அந்த ஒன்றை வெளியே வந்த பிறகுதான் எழுதினார். "யாரும் பாக்கலை, யாரும் கேக்கலை. இருந்தாலும் எழுதலை பாத்தியா" என்று அப்பா சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தழுதழுக்கும். தன் வாழ்நாளில் யாரும் பார்க்காத இடத்தில் எப்படி நடந்துகொண்டோம் என்பதுதான் அவருக்கு முக்கியமாக இருந்தது. இன்று யோசிக்கும்போதும் அந்த அளவுகோலில் எனக்குக் குறை தெரியவில்லை.

மதுரைக்குப் போனால் தமுக்கம் பக்கம் ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கும் காந்தி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவார். சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அதற்கு முன்னால் நாங்கள் பேசக் கூடாது. பிறகு மேலமாசி வீதிக்கு நடத்திக் கூட்டிப்போய், 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு அரையாடைக்கு மாறிய வீட்டைக் காட்டுவார்.

அந்த நிகழ்ச்சியைப் பலரும் ஒரே இரவில் நடந்த அற்புதம்போலச் சொல்வார்கள். உண்மையில் நடந்தது வேறு, அதைவிடப் பயனுள்ளது. அதற்கு முன்பே இரண்டொரு இடங்களில் அந்த எண்ணம் அவருக்கு வந்து, தயங்கி, தள்ளிப்போட்டிருந்தார். அந்நியத் துணியை விடுங்கள் என்று மேடைக்கு மேடை கேட்கிறார். கதர் விலை கூடுதல், நாங்கள் எதைக் கொண்டு வாங்குவது என்று ஏழைகள் திருப்பிக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு வாயால் சொல்லும் பதில் அவரிடம் இல்லை. மதுரையில் உடுப்பைக் குறைத்துப் பதில் சொன்னார். அப்போதும் வாழ்நாள் முழுவதற்கும் என்று சபதம் செய்யவில்லை. குறைந்தது அக்டோபர் 31 வரை என்று தேதி போட்டுக்கொண்டார். கூட இருப்பவர்களும் வாசகர்களும் இப்படி உடுத்த வேண்டும் என்று தான் கேட்கவில்லை என்றும் தெளிவாக எழுதினார். அந்த ஒரு மாதம் அவர் உயிர் பிரியும்வரை நீண்டது. கொள்கையை இப்படியும் கண்டுபிடிக்கலாம் என்று எனக்குக் காட்டிய முதல் பாடம் அது. முதலில் செய்து பார்ப்பது, குறுகிய தவணையில், தன் உடம்பில்.

தன் உடம்பில் என்று எழுதுகிறேன். இங்கேதான் என் அம்மா வருகிறார்.

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கதர். அட்டையில் பதினோராவது. அந்தக் கதரைத் துவைத்தது அம்மா. கதர் வேட்டி தண்ணீரில் ஊறினால் எவ்வளவு கனக்கும் என்பது துவைத்தவர்களுக்குத்தான் தெரியும். கிணற்றில் இறைத்து, கல்லில் அடித்து, முறுக்கிப் பிழிந்து, கஞ்சி போட்டு, உதறிக் காயப்போட வேண்டும். மழைக்காலத்தில் காயவே காயாது. தெருவில் மற்றப் பெண்கள் டெரிலினும் நைலக்ஸும் உடுத்தத் தொடங்கி, அலசிப் போட்டால் அரை மணியில் காய்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். அப்பாவின் சுதேசிக்கு அம்மாவின் தோள்பட்டை கூலி கொடுத்தது.

உடைமை சேர்க்காமைக்கு அம்மாவின் வளையல்கள் போயின. கல்யாணத்தில் தாத்தா போட்ட வளையல்களைச் சங்கத்துக் கட்டட நிதிக்குக் கொடுத்துவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார். அம்மாவிடம் கேட்டார் என்றுதான் சொல்வார். கேட்டார், உண்மைதான். மறுக்க முடியாதபடி கேட்டார். பிற்பாடு தம்பிக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அடகு வைக்க வீட்டில் குந்துமணித் தங்கம் இல்லை. அம்மா பக்கத்துத் தெருவில் கைமாற்று வாங்கப் போனார். அப்பா போகவில்லை. கடன் வாங்குவது அவருக்குக் கூச்சம்.

காந்தியின் வீட்டிலும் இதுவே நடந்திருக்கிறது என்பதைக் கல்லூரியில் சத்திய சோதனை படித்தபோது அறிந்தேன். 1901-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஊர் திரும்புமுன் மக்கள் கொடுத்த பரிசுகளை எல்லாம் பொதுநிதியாக்கிவிட வேண்டும் என்று காந்தி தீர்மானித்தார். அவற்றில் கஸ்தூர்பாவுக்கென்று தந்த ஐம்பது கினி பெறுமான கழுத்தணி ஒன்று. அது எனக்குக் கொடுத்தது, அதன்மேல் உங்களுக்கு என்ன உரிமை என்று கஸ்தூர்பா கேட்டார். உங்கள் சேவைக்காகக் கொடுத்தார்கள் என்றால், உங்களுக்காக இரவும் பகலும் நான் உழைத்தது சேவை இல்லையா என்றும் கேட்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன், டர்பன் வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தா ஒருவரின் சிறுநீர்ச் சட்டியைச் சுமந்து கொட்ட வேண்டும், அதையும் முகம் கோணாமல் செய்ய வேண்டும் என்று காந்தி வற்புறுத்தினார். கண்ணீரோடு செய்த மனைவியைக் கையைப் பிடித்து இழுத்து வாசல்வரை கொண்டுபோனார். இரண்டையும் காந்தியே எழுதிவைத்திருக்கிறார், இரண்டாவதைத் தலைகுனிவோடு. அவர் மறைக்காததால்தான் நமக்குத் தெரிகிறது. அந்தப் பக்கங்களைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கொள்கை ஒருவருடையது, விலை இன்னொருவருடையது என்றால் அது யாருடைய கொள்கை?

அப்பாவைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் சொன்னபடி நடந்தவர். ஆனால் நடந்தவர் அவர் மட்டும் இல்லை. அட்டையைச் சுவரில் மாட்டியவரையே ஊர் மதித்தது. அட்டையில் ஒரு வரிகூட எழுதாதவரிடமிருந்து நான் கற்றதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

அப்பாவோடு சங்கத்தில் வேலை பார்த்த நெசவாளர் ஒருவர் காலனியில் குடியிருந்தார். மாதக் கணக்கு முடிக்கும் நாளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கூடத்தில், எங்களோடு, எங்கள் தட்டில். மதுரை, திண்டுக்கல் பக்கத்து டீக்கடைகளில் தனிக் குவளை வெளிப்படையாகத் தொங்கிய காலம் அது. அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு 1950-லேயே தீண்டாமையை ஒழித்திருந்தது, 1955-ல் அதற்குத் தண்டனைச் சட்டமும் வந்திருந்தது. ஆனாலும் பெஞ்சு ஒரு கூட்டத்துக்கு, திண்ணைக்குக் கீழே தரை இன்னொரு கூட்டத்துக்கு என்றே இருந்தது. எங்கள் வீட்டில் அவர் சாப்பிடுகிறார் என்று தெரிந்ததும் உறவில் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். விசேஷத்துக்கு அழைப்பு வரும், வாசலோடு. தம்பி பிறந்தபோது அம்மாவுக்குப் பத்தியச் சாப்பாடு சமைத்துப்போட யாரும் வரவில்லை. அப்பா வெளியில் உறவுகளைச் சம்பாதித்துக்கொண்டார். சங்கம், கூட்டம், மாநாடு என்று அவருக்கு ஊர் ஊராக நண்பர்கள். அம்மாவுக்கு இருந்தது பிறந்த வீடு ஒன்றுதான். அதுவும் இறுகிக்கொண்டே வந்தது.

அம்மாவின் மூத்த அண்ணன் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தார். அம்மாவை வளர்த்தவர் அவர்தான். ஒரு நாள் மத்தியானம் வந்தார், அப்பா கடையில் இருந்தார். வெயிலில் நடந்து வந்த மாமாவுக்கு அம்மா டம்ளரில் மோர் கொண்டுவந்தார். மாமா வாங்கவில்லை. தோள்பையிலிருந்து தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளை டம்ளர் ஒன்றை எடுத்து வைத்தார்.

"இதுல ஊத்தும்மா. இனிமே நான் வந்தா இதுலயே குடு. இங்கயே இருக்கட்டும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வந்துபோக ஒரு வழி வேண்டும் என்று, தங்கை மேல் உள்ள பாசத்தில், அவருக்குத் தெரிந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டு வந்திருந்தார். அம்மா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சொன்னார்:

"அண்ணே, இந்த வீட்ல எல்லாருக்கும் ஒரே டம்ளர்தான். உங்களுக்கு மட்டும் தனியா வச்சா, அந்த மனுசன் முகத்தை நான் எப்படிப் பாப்பேன்?"

மாமா டம்ளரைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். அதன்பிறகு என் கல்யாணம்வரை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மா மோரைக் கீழே ஊற்றவில்லை, எங்களுக்குக் கொடுத்தார். அப்பா ராத்திரி வந்ததும் "அண்ணன் வந்துட்டுப் போச்சு" என்றார். அவ்வளவுதான். டம்ளர் விஷயத்தை அப்பாவிடம் அவர் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

தீண்டாமை ஒழிப்பு என்ற சொல்லை அம்மா ஒருநாளும் உச்சரித்தவர் இல்லை. அட்டைக்காகவோ அப்பாவுக்காகவோ அவர் அதைச் செய்யவில்லை. அப்பா இருந்திருந்தால் மாமாவோடு வாதம் செய்திருப்பார், அம்மா அடுப்படிக்குப் போயிருப்பார். அன்று யாரும் இல்லை. அண்ணனை வைத்துக்கொள்வதா, எப்போதோ மாதத்தில் ஒரு நாள் வந்து சாப்பிடும் ஒருவரின் முகத்தை நேராகப் பார்ப்பதா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. தேர்ந்தெடுத்தார், தன் கையில் இருந்த ஒரே சொத்தைக் கொடுத்து.

பெரிய மனிதர்கள் விஷயத்திலும் நான் இதைத்தான் தேடிப் பார்க்கிறேன். 1939 ஜூலை 8 அன்று மதுரை வைத்தியநாத ஐயர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களை அழைத்துச் சென்றார். கோயில் நுழைவு பற்றித் தீர்மானம் போட்டவர்கள் அன்றைக்கு ஏராளம். ஆனால் சொந்த சாதியாரின் பகையைத் தன் வீட்டு வாசலில் வாங்கிக்கொண்டவர் அவர். அந்த ஆலயப் பிரவேசத்தில் உள்ளே சென்றவர்களில் ஒருவரான கக்கன் பிற்பாடு அமைச்சராகிப் பத்தாண்டு ஆட்சியில் இருந்தார். தேர்தலில் தோற்றபின் பஸ்ஸில் போய்வந்தார். மதுரை அரசு ஆஸ்பத்திரியில் பொது வார்டில் கிடந்தார். எளிமை பற்றி அவர் என்ன பேசினார் என்று யாருக்கும் நினைவில்லை. எங்கே படுத்திருந்தார் என்பது நினைவிருக்கிறது.

இப்போது சென்னைக்கு வருகிறேன். என் மகள் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். பணி ஓய்வுக்குப் பிறகு நான் அவளோடு இருக்கிறேன். போன வருடம் அவள் அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்பு. உங்கள் வேல்யூஸ் எவை என்று கண்டுபிடியுங்கள் என்று ஐம்பது சொற்கள் அச்சடித்த சீட்டுகளைக் கொடுத்திருக்கிறார்கள். முதலில் பத்தைப் பொறுக்க வேண்டும், பிறகு ஐந்தாக்க வேண்டும், கடைசியில் மூன்று. அவள் மூன்று சீட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்: குடும்பம், நேர்மை, சமத்துவம்.

"அம்மா, உங்க மூணு என்ன?"

நான் சீட்டுகளை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். அதில் வேண்டாம் என்று சொல்லக்கூடிய சொல் ஒன்றுகூட இல்லை. அதுவே எனக்கு இடறியது.

இந்த வகைப் பயிற்சிகளின் மூலத்தை மகள்தான் தேடிக் கொடுத்தாள். மில்டன் ரோக்கீச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1973-ல் இதைப் பற்றிப் பெரிய நூல் எழுதியிருக்கிறார். அவர் பட்டியலில் வாழ்வின் இலக்குகள் பதினெட்டு, நடந்துகொள்ளும் முறைகள் பதினெட்டு. சுதந்திரம், சமத்துவம், குடும்பப் பாதுகாப்பு, வசதியான வாழ்க்கை, சமூக மதிப்பு எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவர் யாரிடமும் பிடித்ததைப் பொறுக்கச் சொல்லவில்லை. பதினெட்டையும் ஒன்று முதல் பதினெட்டு வரை வரிசைப்படுத்தச் சொன்னார். ஒட்டுத்தாளில் அச்சிட்டுக் கொடுத்து, உரித்து இடம் மாற்றி மாற்றி வைக்கவிட்டார். எல்லாமே நல்லவைதான், ஒன்றை மேலே வைத்தால் இன்னொன்று கீழே போயே தீரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பின்னால் வந்த ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992-ல் பத்து வகைகளை ஒரு வட்டமாகவே வரைந்தார். அடுத்தடுத்து இருப்பவை ஒத்துப்போகும், எதிரெதிரே இருப்பவை ஒன்றையொன்று இழுக்கும். அதிகாரத்துக்கும் சாதனைக்கும் எதிர்ப்புறத்தில் எல்லாருடைய நலன். மரபுக்கும் இணக்கத்துக்கும் எதிர்ப்புறத்தில் சொந்த முடிவு. மாமா நீட்டிய டம்ளரில் அந்த வட்டம் முழுவதும் இருந்தது என்று எனக்குப் பட்டது.

அலுவலக வகுப்புக்கு வந்து சேர்வதற்குள் அந்த இழுபறி உதிர்ந்துபோய்ச் சீட்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அங்கே யாரும் எதையும் விடவில்லை. மூன்று நல்ல சொற்களோடு எல்லாரும் வீடு திரும்பியிருக்கிறார்கள்.

மகளிடம் ஒன்று செய்யச் சொன்னேன். ஒவ்வொரு சீட்டுக்கும் கீழே, இதற்காகக் கடந்த ஒரு வருடத்தில் நீ எதை விட்டாய் என்று எழுது. பணமா, நேரமா, ஒருவருடைய தயவா, பதவி உயர்வா, தூக்கமா. அதற்குப் பக்கத்திலேயே, அந்த விலையைக் கொடுத்தது நீயா வேறு யாராவதா என்றும் எழுது. வங்கிக் கணக்கையும் ஃபோனில் இருக்கும் நாட்காட்டியையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டும் பொய் சொல்லத் தெரியாதவை. குடும்பம் என்ற சீட்டுக்குக் கீழே நிறைய எழுதினாள். பெங்களூரில் கிடைத்த நல்ல வேலையை எனக்காக விட்டிருக்கிறாள். அதை அவள் என்னிடம் அதுவரை சொல்லவில்லை. நேர்மைக்குக் கீழேயும் எழுதினாள். வாடிக்கையாளரிடம் காட்டும் மணிக்கணக்கைக் கூட்டிப்போட மறுத்து, ஒரு மதிப்பீட்டில் பின்தங்கியது. சமத்துவம் என்ற சீட்டுக்குக் கீழே எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. "இது எனக்குப் பிடிச்ச வார்த்தைம்மா. ஆனா இதுக்காக நான் எதுவும் குடுத்ததில்லை" என்றாள். அவள் சொன்ன அந்த வாக்கியத்தைப் பல வருட ஆசிரியப் பணியில் ஒரு மாணவியிடமும் நான் கேட்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

கொடுக்க வேண்டிய இடம் தொலைவில் இல்லை. எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இரண்டு லிஃப்ட். ஒன்றில் கண்ணாடி, மின்விசிறி. இன்னொன்று குப்பைத் தொட்டியும் மரச்சாமானும் போகும் சர்வீஸ் லிஃப்ட். வீட்டு வேலை செய்பவர்களும் பொருள் கொண்டுவருபவர்களும் சர்வீஸ் லிஃப்ட்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தின் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. காரணம், பாதுகாப்பு. ரோக்கீச்சின் பட்டியலில் சமத்துவமும் குடும்பப் பாதுகாப்பும் இரண்டு தனித்தனி வரி. யாரைக் கேட்டாலும் இரண்டும் முக்கியம் என்பார்கள். எதை மேலே ஒட்டியிருக்கிறோம் என்பதை அந்த லிஃப்ட் கதவு சொல்கிறது. இதை வைத்தவர்களில் ஒருவர்கூடத் தன்னைச் சாதி பார்ப்பவர் என்று நினைக்கமாட்டார். பெரும்பாலானவர்கள் நல்ல மனிதர்கள். என் மாமாவும் நல்ல மனிதர்தான்.

சர்வீஸ் லிஃப்ட் பழுதானால் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா ஒன்பதாவது மாடிக்குப் படியேறி வருவார். முழங்கால் வலி உள்ளவர்.

மகள் உடனே ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தாள். வேகமாக, அழகாக எழுதினாள். அரசியல் சட்டம், மனித மாண்பு எல்லாம் இருந்தது. வேலைக்கு வரும் அக்காவின் பெயரும் முழங்காலும் இருந்தன. நான் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "இதுக்கு யாரு விலை குடுப்பா?"

அந்த அக்கா இதே கட்டடத்தில் வேறு வீடுகளிலும் வேலை செய்கிறார். ஒரு வீட்டுக்காரர் முகம் சுளித்தால் நாளைக்கு வாயிற்காவலரே உள்ளே விடமாட்டார். வீட்டுப் பணியாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. ஆனால் காலையில் வேலை போனால் அன்று மாலையே வேறு வீடு பிடித்துத் தர எந்த வாரியத்தாலும் முடியாது. என் அப்பா இந்த இடத்தில் கடிதத்தை அனுப்பியிருப்பார் என்று நினைக்கிறேன். மகள் அனுப்பவில்லை. மறுநாள் அக்கா வந்ததும் உட்காரவைத்து, கடிதத்தைப் படித்துக்காட்டி, என்ன செய்யலாம் என்று கேட்டாள்.

அக்கா முழுவதும் கேட்டார். "என் பேரு எங்கயும் வரக்கூடாது பாப்பா. அதோட, லிஃப்ட்டு கெடக்கட்டும். கீழ எங்களுக்கு ஒரு பாத்ரூம் கேளு. காலைல ஆறு மணிக்கு வந்தா மத்தியானம் வரைக்கும் போறதுக்கு இடமில்லை. எந்த வீட்ல கேக்குறது?" என்றார். எங்கள் வீட்டிலேயே போகலாமே என்று மகள் சொன்னதற்கு, "உங்க வீட்ல சரி. மத்தவங்க எங்க போவாங்க?" என்று கேட்டார்.

எழுதிய கடிதம் அப்படியே கிழிந்தது. நாம் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்பதாலேயே அந்தச் சொல்லுக்கு உரியவர்களின் தேவை நமக்குத் தெரிந்துவிடுவதில்லை. அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. அவர் ஒரு கொள்கையின் முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு மனுசன் முகத்தைப் பார்த்தார்.

புதுக் கடிதத்தில் கழிப்பறை முதலில், லிஃப்ட் இரண்டாவது. யாருடைய பெயரும் இல்லை, மகளின் கையெழுத்து மட்டும். கழிப்பறைக்கான செலவில் தன் பங்கை முன்கூட்டியே தருவதாகவும் எழுதினாள். சங்கத்தின் முடிவு வரும்வரை தான் சர்வீஸ் லிஃப்ட்டிலேயே போய்வரப்போவதாக எழுதி, காந்தியின் அக்டோபர் 31-க்குப் பதிலாகத் தன் பிறந்த நாளைத் தவணையாகப் போட்டுக்கொண்டாள். அந்தத் தேதி போய்விட்டது, இன்னும் அதில்தான் போகிறாள். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் அவளுக்குப் பதில் சொல்வதைச் சிலர் நிறுத்திவிட்டார்கள். நவராத்திரிக் கொலுவுக்கு எதிர்வீட்டிலிருந்து வழக்கமாக வரும் அழைப்பு வரவில்லை. அவளுக்கு அது வலித்தது. எதிர்வீட்டுப் பெண் அவளுடைய தோழி. வலித்ததை அவள் அந்தச் சீட்டுக்குக் கீழே எழுதி வைத்தாள்.

என்னிடமும் கேட்டாள்: "உங்களுக்கும்தானே கொலுவுக்குப் போக முடியலை. நான் உங்களைக் கேக்காமப் பண்ணிட்டேனா?" அப்பா ஒருமுறையாவது அம்மாவிடம் இப்படிக் கேட்டிருந்தால் என்று மனதில் ஓடியது. என்னைக் கேட்டுத்தான் செய்தாய், நானும் என் பங்கைத்தான் கொடுக்கிறேன் என்று சொன்னேன். மெய்யாகவே அப்படித்தான்.

தரைத்தளத்தில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில், பெண்களுக்கு ஒன்று ஆண்களுக்கு ஒன்று எனக் கழிப்பறைகள் கட்டி முடித்துவிட்டார்கள். செலவை ஏற்க முன்வந்தவர்களில் நாங்கள் எதிர்பாராத சிலரும் இருந்தார்கள். லிஃப்ட் அறிவிப்பு இன்னும் ஒட்டித்தான் இருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வருகிறது. எதிர்வீட்டுப் பெண் எந்தப் பக்கம் கை தூக்குவாள் என்று தெரியவில்லை. மகள் நாளைக்கு அவளைப் பார்த்துப் பேசப் போகிறாள்.